நாதம் ஒழுகும் இடங்கள்: வீணை செய்யக் கற்கிறவர்களுக்கு

போன ஆடி மாசம் கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா காரின் பின்சீட்டில் வீணையைக் கிடத்திக்கொண்டு வந்தார். கூடவே அவருடைய மகளும். "வாங்கி மூணு வருஷம் ஆகுதுங்க. நாதமே இல்லை. மரம் சரியில்லைன்னு சொல்றாங்க. வித்துடலாமான்னு பார்க்கிறேன், நீங்களே எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

வீணையின் உருண்டையான அடிப்பகுதியை, அதாவது குடத்தை, விரல் முட்டியால் தட்டினேன். வைரம் பாய்ந்த நல்ல பலா. தட்டின கணமே கும்மென்று பதில் சொன்னது. கழுத்தாக நீளும் தண்டியிலும் குறை தெரியவில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரை மேலிருக்கும் பித்தளைத் தகட்டை நகத்தால் சுண்டினேன். ஓரத்தில் 'டிங்' என்றது, நடுவில் 'டொக்' என்றது. தகட்டுக்கு அடியில் அரக்கு விட்டுப்போயிருந்தது. நோய் அவ்வளவுதான். மதியத்துக்குள் தகட்டைக் கழற்றி, பழைய அரக்கைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, தந்தி ஏற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பட்டறையை விட்டு எழுந்திருக்கவில்லை. விற்கிற பேச்சும் வரவில்லை.

தஞ்சாவூரில் என் பெரியப்பாவின் பட்டறையில் உளி பிடிக்கத் தொடங்கி எனக்கு 31 வருஷம் ஆகிறது. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மரம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் மரம் கொடுக்கிற நாதத்தை நம் கைதான் வழியில் சிந்துகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற மாதிரி. எந்தெந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு அங்கே அடைத்தால், சுமாரான மரம்கூட நன்றாகப் பேசும். அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். உளி பிடிப்பதும் வாய்ச்சி போடுவதும் எழுத்தில் வராது. அதற்கு ஒரு பட்டறையில் போய் உட்கார வேண்டும்.

மரமும் ஈரமும்

மைசூர்ப் பக்கம் ஈட்டி மரத்தில் வீணை செய்வது உண்டு. எங்களுக்குப் பலாதான். பண்ருட்டிப் பலாவை மிருதங்கம் செய்கிறவர்களும் தேடுவார்கள், நாங்களும் தேடுவோம். 30 வருஷத்துக்குக் குறைந்த மரத்தை நான் தொடுவதில்லை. அறுத்த முகத்தைப் பாருங்கள். நடுவில் நல்ல மஞ்சள் இருக்கும், ஓரத்தில் வெளுத்த வளையம் ஒன்று ஓடும். அந்த வளையம் வெளிறு. குடத்திலோ அதன் வாயை மூடும் பலகையிலோ அது ஒரு நூல்கூட வரக்கூடாது. பூச்சி முதலில் நுழைவது அங்கேதான். காயும்போது ஒரு பக்கமாக இழுப்பதும் அதுதான்.

கோயில் மணிச் சத்தம் கேட்டு வளர்ந்த மரத்தில் நாதம் அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் கட்டை வாங்கும்போது என் கை முதலில் தேடுவது ரேகையைத்தான். ரேகை முறுக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓட வேண்டும். முறுக்கின ரேகையில் உளியும் வழுக்கும், அதிர்வும் வழி தவறும்.

ஈரம் போனதா என்பதை ஊகத்தில் விடாதீர்கள். கட்டையின் இரண்டு முனைக்கும் மெழுகு பூசிவிடுங்கள், முனை வேகமாகக் காய்ந்தால்தான் வெடிப்பு வரும். நிழலில், தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். வாரம் ஒரு தடவை தராசில் வைத்து, எடையைக் கட்டையின் மேலேயே சாக்கட்டியால் எழுதுங்கள். தொடர்ந்து நாலு வாரம் எடை மாறவில்லை என்றால்தான் அது நம் ஊர்க் காற்றோடு ஒத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதை நான் வலியோடுதான் கற்றேன். தனியாகச் செய்த இரண்டாவது வீணை அது. தை மாசம் வந்த கட்டையை மாசியிலேயே குடைந்து முடித்துவிட்டேன், கேட்டவர் அவசரப்படுத்தினார். சித்திரை பிறந்த வாரம், ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டறையில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், குடத்தின் அடியிலிருந்து வாய் வரைக்கும் ஒரு கோடு. ஒட்டிச் சரிசெய்து பார்த்தேன். ஒட்டு பிடித்தது, நாதம் திரும்பவில்லை. அந்தக் குடம் இன்னும் பட்டறையின் பரண் மேல் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் இறக்கிக் காட்டுவேன்.

குடமும் பலகையும்

குடத்தை இரண்டு தவணையாகக் குடையுங்கள். முதல் தவணையில் சுவர் ஒரு அங்குலக் கனம் இருக்கட்டும். அப்படியே வைத்து மறுபடியும் காயவிட்டு, அப்புறம் இறுதிக் கனத்துக்கு வாருங்கள். நான் கடைசியில் ஒரு பென்சில் கனத்துக்குக் கொண்டுவருவேன், தண்டி வந்து சேருகிற பக்கம் மட்டும் அதைப் போல இரண்டு மடங்கு விட்டுவைப்பேன். கனம் எவ்வளவு என்பதைவிட எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு வெளிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் திடீரென்று மந்தமாகிற இடத்தில் உள்ளே மரம் மிச்சம் இருக்கிறது. அங்கே மட்டும் சுரண்டுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பலகையைத் தற்காலிகமாக மூடிவைத்து, துளைக்கு அருகில் வாயை வைத்துத் தாழ்ந்த சுரத்திலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே முனகுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் குடம் முழுக்க உங்கள் உள்ளங்கையில் அதிரும். அந்த வீணைக்கு எந்தச் சுருதி வைக்கப்போகிறீர்களோ, அதன் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ அது அப்படியே விழுந்தால் எனக்குக் கவலை வரும். அந்த ஒரு சுரம் மட்டும் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும், சீக்கிரமே அடங்கியும் விடும், பக்கத்துச் சுரங்கள் பின்தங்கும். உள்ளே கொஞ்சம் சுரண்டினாலோ துளைகளைச் சற்றே பெரிதாக்கினாலோ அது நகர்ந்துவிடும்.

பலகையில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். மெலிந்த பலகை சத்தம் கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், இழைத்துக்கொண்டே போவார்கள். ஒரு கணக்கை மனசில் வையுங்கள். பலகையின் கனம் பாதியானால் அதன் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதனால்தான் கடைசி இரண்டு மூன்று இழைப்பில் எல்லாம் தீர்மானமாகிறது. அளவுக்கு மீறி மெலிந்த பலகை முதல் நாள் கடையில் வைத்து மீட்டும்போது பளீரென்று இருக்கும். ஆனால் நாதம் நீண்டு நிற்காது, மந்தரம் (தாழ்ந்த சுரங்கள்) வெறும் காற்றாகக் கேட்கும். ஒரு வருஷத்தில் குதிரையின் பாரத்தில் உள்வாங்கியும் விடும்.

நான் பலகையை ஒரு மூலைக்குக் கொஞ்சம் உள்ளே, இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் முட்டியால் தட்டுவேன். கனமான பலகை உயரமான, குட்டையான சத்தம் கொடுக்கும். இழைக்க இழைக்கச் சத்தம் தாழ்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நீளவும் தொடங்கும். தட்டின பிறகும் காதில் ஒரு வால் நிற்கும். அந்த வால் வந்ததும் இழைப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள். அதற்கு மேல் உப்புத்தாள் மட்டும்தான். குதிரை உட்காரும் நடுப்பகுதியில் ஓரங்களைவிடச் சற்றுக் கனம் இருக்கட்டும்.

குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் செய்வது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ஏகாண்டம் என்றால் விலையும் மரியாதையும் கூடுதல். நாதத்தைப் பொறுத்தவரை என் கருத்து வேறு: ஒட்டு சரியாக இருந்தால் காது வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், சரியாக இல்லாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். குடமும் தண்டியும் சேருகிற முகத்தைப் பசை இல்லாமல் முதலில் சேர்த்து வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் இழையுங்கள். இடைவெளியை வஜ்ஜிரப் பசையால் நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். பசையின் வேலை இரண்டு மரத்தைப் பிடித்துவைப்பது மட்டும்தான். பசை தடித்த இடத்தில் அதிர்வு மெத்தையில் விழுந்த மாதிரி அமுங்கிவிடும்.

தண்டியின் மறுமுனைக்கு அடியில் மாட்டும் சுரைக்காயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இப்போது காகிதக் கூழிலும் ஃபைபரிலும் வருகிறது. வீணையை மடியில் தாங்கத்தான் அது பெரிதும் உதவுகிறது. திருகு தளர்ந்து கடகடவென்று ஒலிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தந்தியை முறுக்கும் பிரடையும் அப்படித்தான். துளையும் பிரடையும் ஒரே சரிவில் இருந்து, முழு நீளத்துக்கும் கவ்வ வேண்டும்.

குதிரை

இங்கே நிதானமாக இருங்கள். என் வேலை நேரத்தில் எவ்வளவு இங்கே போகிறது என்று பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வயலினிலும் கிதாரிலும் தந்தி ஒரு கூரான விளிம்பில் போய் நின்றுவிடும். வீணையில் அப்படி இல்லை. குதிரையின் தலையில் இருக்கும் தகடு மெல்லிய வளைவாக இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்தியின் முனை ஒரு புள்ளியில் நிற்காமல் வளைவின் மேல் முன்னும் பின்னும் உருளுகிறது. அதனால் உண்டாகிற மினுமினுப்பைத்தான் நாம் வீணையின் நாதம் என்கிறோம். சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல், வீணையையும் தம்பூராவையும் வைத்து இதைத்தான் எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. நம் வாத்தியங்களில் அந்த மேல்சுரங்களும் பலமாகக் கேட்கின்றன என்றும், அதற்குக் காரணம் இந்த வளைந்த குதிரைதான் என்றும் அவர் காட்டினார்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். தண்டி மேல் பதித்த மெட்டில் கை வைக்காமல், முதல் தந்தியான சாரணியின் சரிபாதியில், பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே, விரலின் சதையால் மெதுவாக மீட்டுங்கள். விதிப்படி அங்கே மேல் ஷட்ஜம் கேட்கக்கூடாது. தகடு சரியாக இருந்தால் ஒரு நொடி கழித்து அந்த மேல் ஷட்ஜம் உள்ளேயிருந்து மலர்ந்து வரும். நான் தகட்டை அரத்தால் ராவும்போது அடிக்கொருதரம் இப்படித்தான் சோதிக்கிறேன்.

முதலில் குதிரையின் கால். பலகைக்கும் காலுக்கும் நடுவில் கார்பன் தாளை மை பலகையைப் பார்க்கிற மாதிரி வைத்து, குதிரையை அழுத்தி இம்மி அளவு அசையுங்கள். பலகையில் மேடாக இருக்கும் இடத்தில் மை ஒட்டும். அப்படியே தாளைத் திருப்பிப் போட்டுக் காலின் மேடுகளையும் பாருங்கள். மை பிடித்த இடத்தைச் சுரண்டி மறுபடியும் பாருங்கள். கால் முழுக்க மை பரவுகிற வரைக்கும் விடாதீர்கள். எனக்கு இதற்கே அரை நாள் ஆகும். ஒரு கால் ஒரு தாளின் கனத்துக்குத் தூக்கி நின்றாலும் அந்த வழியாக நாதம் இறங்காது.

அடுத்தது தகடு. அடிப்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். குதிரையின் தலையிலும் தூசி இருக்கக்கூடாது. அரக்கை உருக்கிப் பரப்பி, தகட்டையும் சூடாக்கி வைத்து அழுத்துங்கள். தகடு குளிர்ந்திருந்தால் அரக்கு மேலே ஒட்டின மாதிரி தெரியும், உள்ளே பிடிக்காது. கும்பகோணத்து வீணையில் நடந்தது அதுதான். சூடு இருக்கும்போதே தகட்டின் சாய்வைக் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும், ஆறின பிறகு நகர்த்த முடியாது. ஆறியதும் தகடு முழுக்க நகத்தால் சுண்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 'டிங்' வர வேண்டும். ஒரே ஒரு இடத்தில் 'டொக்' கேட்டாலும் மறுபடியும் கழற்றுங்கள். கழற்ற மனசு வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கழற்றுங்கள்.

பிறகு வளைவு. தட்டையான தகட்டில் தந்தி நெடுக உரசி, வண்டு சிக்கின மாதிரி கரகரக்கும். சுரம் மூச்சு முட்டும். வளைவு அதிகமானால் தந்தி சட்டென்று விலகிவிடும்; சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் வற்றிப்போய், பெட்டியைத் தட்டின மாதிரி சின்னதாக முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடி அளவு இடம்தான் நமக்குக் கிடைக்கிறது. மெல்லிய அரத்தால் ஒரே திசையில், தந்தி ஓடும் போக்கிலேயே ராவுங்கள். மூன்று நாலு ராவலுக்கு ஒரு தடவை தந்தியை ஏற்றி, சுருதிக்குக் கொண்டுவந்து கேளுங்கள். தளர்ந்த தந்தியில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சுருதிக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடும். என் பட்டறையில் பெரும்பாலும் மூன்று கட்டைச் சுருதியில் வைத்துப் பார்ப்பேன்.

நாலு தந்திக்கும் ஒரே வளைவு பொருந்தாது. சாரணி மெல்லிய எஃகு, அசைவு சின்னது. அதற்கு வளைவு மிக மெதுவாக இறங்க வேண்டும். தாழ்ந்து ஒலிக்கும் மந்தரமும் அனுமந்தரமும் கம்பி சுற்றின தந்தி, அகலமாக ஆடும். அவற்றின் கீழே கொஞ்சம் கூடுதலாகச் சரிய வேண்டும். சாரணியை மட்டும் கேட்டுத் தகட்டை முடித்துவிட்டு, அனுமந்தரம் உறுமுகிறதே என்று தந்தியை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை தந்தியில் இல்லை. பக்கத்தில் தாளத் தந்திகளைத் தாங்கும் வளைந்த சின்னக் குதிரையையும் இதே கவனத்தோடு பாருங்கள். அந்த மூன்று தந்தியும் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருப்பவை.

மேளம் கட்டுவது

மெட்டுகளை மெழுகில் பதிப்பதை மேளம் கட்டுவது என்போம். 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில், இதே தஞ்சாவூரில், 24 மெட்டும் அசையாமல் நிலைபெற்றன என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த வேலையை இன்றைக்கும் காதால்தான் செய்கிறோம்.

தேன்மெழுகோடு குங்கிலியத்தூளும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சுங்கள். எனக்கு நிரந்தரமான அளவு கிடையாது, பருவத்தைப் பார்த்துத்தான் குங்கிலியம் போடுவேன். வெயில் காலத்தில் கூடுதல், ஐப்பசி கார்த்திகையில் குறைவு. ஒரு சொட்டைக் கல்லில் ஊற்றி ஆறவிட்டு, கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தழும்பு விழ வேண்டும், ஆனால் நகம் உள்ளே இறங்கக்கூடாது. உடைந்து தெறித்தால் குங்கிலியம் அதிகம். மெழுகு இளகலாக இருந்தால் மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக அமிழும், மீட்டின பலத்தில் ஒரு பங்கை மெழுகே குடித்துவிடும். மெட்டின் இரண்டு முனையும் மெழுகில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று இங்கேயும் நகத்தால் சுண்டிப் பாருங்கள்.

இடம் குறிக்கத் தொடக்கத்தில் அளவுகோல் போதும். தண்டியின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 33 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில், 16.5 அங்குலத்தில், மேல் ஷட்ஜம். மேருவிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், 11 அங்குலத்தில், பஞ்சமம். கால் பங்கில், 8.25 அங்குலத்தில், சுத்த மத்தியமம். 24-ஆம் மெட்டு முக்கால் பங்கில், 24.75 அங்குலத்தில். முதலில் இந்த நாலையும் ஊன்றிவிட்டு மற்றவற்றை இடையில் நிரப்புங்கள். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும். அதனால் மெட்டு அளவுகோல் சொன்ன இடத்திலிருந்து மேருப் பக்கம் இம்மி நகர வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைத் தாளத் தந்தியை மீட்டிக்கொண்டே காதால் முடிவு செய்யுங்கள்.

மெட்டுகளின் உயரம் நாதத்தையும் தொடுகிறது, கையையும் தொடுகிறது. ஒரு நேர்சட்டத்தை மெட்டுகளின் தலையில் நெடுக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தூக்கி நின்றால், அதற்கு முந்தின மெட்டில் வாசிக்கும்போது தந்தி அதில் இடித்துக் கரகரக்கும். உடனே குதிரையைக் குறை சொல்லித் தகட்டை ராவப் போய்விடாதீர்கள். கரகரப்பு ஒரு சுரத்தில் மட்டும் வந்தால் மெட்டு, எல்லாச் சுரத்திலும் வந்தால் தகடு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் பிடித்தும் சோதியுங்கள், நேராக வாசிக்கும்போது ஒளிந்திருந்த இடிப்பு இழுக்கும்போது வெளியே வரும். மெட்டுக்குப் பித்தளையைவிட வெண்கலம் எனக்குப் பிடிக்கும். கெட்டியானது, தந்தி சீக்கிரம் தடம் போடாது, சுரத்துக்கும் ஒரு தெளிவு வரும்.

பாலிஷ் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. குடத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்குங்கள், பலகைக்கு மட்டும் மெல்லிசாகப் போடுங்கள். நாலைந்து கோட்டிங் ஏறினால் அரும்பாடுபட்டு வரவழைத்த அந்த வால் அடங்கிவிடும்.

கொடுத்த பிறகு

தந்தி ஏற்றின அன்றே வீணையைக் கொடுத்துவிடாதீர்கள். பத்து நாளாவது சுருதியில் நிற்கட்டும். தினமும் யாராவது வாசித்தால் இன்னும் நல்லது. பாரம் ஏறியதும் பலகை ஒரு நூல் அமரும், தண்டி ஒரு நூல் வளையும், ஒட்டினபோது இருந்த உயரம் மாறும். பத்தாம் நாள் நேர்சட்டத்தை மறுபடியும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்ட மெட்டை மட்டும் சூடு காட்டி இறக்குங்கள்.

வாங்குகிறவரிடம் ஆறு மாசம் கழித்து ஒரு தடவை வீணையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்குக் காசு வாங்காதீர்கள். நான் தேதியைப் பலகைக்குள் பென்சிலால் எழுதிவிட்டு, என் நோட்டிலும் குறித்து வைப்பேன். வந்ததும் தந்தியை இறக்கி, தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாரணி ஓடின இடத்தில் மெல்லிய தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம் ஆழமானால் தந்தி அதற்குள் சிக்கி, வளைவு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். நைசான உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, பழைய வளைவு கெடாமல் தடம் மறையும் அளவுக்கு மட்டும் தேய்த்து, துடைத்து, புதுச் சாரணி ஏற்றிக் கொடுங்கள்.